உடனிருப்பவர் பெயர்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் இருவரும் நலம். மூன்றாவது ஆளும் நலம் என்று நேற்று டாக்டர் சொன்னார். உங்கள் முழங்கை வலி தேவலையா?

போனில் கூப்பிட்டால் "ம்", "சரி", "வெச்சிடட்டுமா" என்ற மூன்று வார்த்தையைத் தாண்டி நீங்கள் போவதில்லை. அதனால்தான் கடிதம். "தாளைக் கொடுத்தா அக்கா பேசுவா" என்று உங்கள் தம்பி சொல்கிறார்.

நாலு மாதம் முடிந்துவிட்டது. ஜூன் நடுவில் நாள் குறித்திருக்கிறார்கள். போன தடவைபோல இந்தத் தடவை யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் ஒருவரை உடன் இருக்க விடுகிறார்கள். ஒரே ஒருவரை. படிவத்தில் 'உடனிருப்பவர் பெயர்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியில் உங்கள் பெயரை எழுத ஆசைப்படுகிறேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் பெண் பிறந்து ஒரு மணி நேரத்தில் போய்விட்டாள். அன்று சாயங்காலம்வரை "கண்ணாடிப் பெட்டியில தூங்கறா" என்றே எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். டாக்டர், நர்ஸ், உங்கள் தம்பி எல்லோரும். நான் மூன்று தடவை சீம்பால் பீய்ச்சிக் கொடுத்தேன். அதை ஒரு கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு போனார்கள். நீங்கள்தான் வண்டியிலிருந்து இறங்கி, கையில் பையோடு நேரே என் கட்டிலுக்கு வந்து, "குழந்தை இல்லம்மா. காலையிலயே போயிட்டா" என்றீர்கள்.

அந்த அறையில் எனக்குப் பொய் சொல்லாத ஒருவர் வேண்டும் அண்ணி. எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். பதில் போடுங்கள்.

உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 3

தம்பி மனைவிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். முழங்கை வலி அப்படியேதான் இருக்கிறது. உன் உடல்நிலை அறிந்து மகிழ்ச்சி.

ஜூன் மாதத்தில் எங்கள் சோதனைக்கூடத்தில் வேலை அதிகம். மருந்துக்கடைத் தராசுகள் முழுவதும் அந்த மாதம்தான் சரிபார்க்க வரும். விடுப்பு கிடைப்பது சந்தேகம்.

தவிர, எனக்குப் பிரசவம் பற்றித் தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகத்தோடு சரி. நான் பெற்றவளும் இல்லை. ஒரு நோயாளியின் கையைக்கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவள். தம்பியே இருப்பதுதான் முறை. அவன் உன்மேல் உயிரையே வைத்திருக்கிறான்.

இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு சேர்த்துச் சாப்பிடாதே.

இப்படிக்கு,
அண்ணி


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம், உங்கள் நலம் அறிய ஆவல். 'தம்பி மனைவிக்கு' என்று ஆரம்பித்திருந்தீர்கள். அலுவலக ஓலை வந்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன்.

புதன்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு. எட்டுப் பேர் பாயில் உட்கார்ந்து மூச்சு விடப் பழகுகிறோம். பெயரெல்லாம் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை, தொழில்தான் பெயர். பேக்கரி, டீச்சர், போலீசம்மா. பொய்ப்பல் செய்கிறேன் என்று தெரிந்ததும் நான் பல்லுக்காரி ஆகிவிட்டேன்.

போன வாரம், யார் உடன் இருக்கப் போகிறார்கள் என்று வகுப்பு நர்ஸ் கேட்டார். பேக்கரியின் கணவர் வீட்டில் கூடவே மூச்சுப் பயிற்சி செய்து தலைசுற்றிக் கீழே விழுந்தாராம். "எனக்கு வலி வந்தா, முதல்ல அவருக்கு ஒரு கட்டில் போடுங்க" என்றார். டீச்சருக்கு மாமியார். "அவங்க வந்தா நான் கத்த மாட்டேன், மானம் போயிடும்." போலீசம்மா மட்டும், "திருடனையே தனியாத்தான் பிடிச்சேன். இதுக்கு எதுக்குத் துணை?" என்றார்.

என் முறை வந்தபோது உங்கள் தம்பியின் தொழிலைப் பற்றிச் சொன்னேன். லிஃப்ட் பழுது பார்ப்பவர். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் வெளியே நின்று பழுது பார்ப்பவர்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "ரெண்டே நிமிஷம்." இரண்டு மணி நேரம் ஆனாலும் அதேதான். உள்ளே இருப்பவர் பயப்படக் கூடாதே. பதினாறு வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லி நல்ல மனிதருக்கு அதுவே சுபாவமாகிவிட்டது. அன்பு கூடினால் பொய்யும் கூடிவிடும். மாட்டிக்கொண்டவளுக்கு அது போதாது அண்ணி.

கடைசியில் நர்ஸ் ஒவ்வொருவர் வயிற்றிலும் கருவியை வைத்து ஒலிபெருக்கியில் துடிப்பைக் கேட்க வைத்தார். குதிரை ஓடுவதைப் போல ஒவ்வொன்றும் ஒரு வேகம். எட்டுப் பெண்கள் இருந்த அறையில் பதினாறு இதயம். போலீசம்மாகூட இன்னொரு தடவை வைக்கச் சொன்னார்.

நீங்கள் வந்தால் போதும். கை பிடிக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்லுக்காரி


மார்ச் 14

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

நலம். நீ நலமா? பதில் தாமதமாகிவிட்டது.

இரண்டு பருத்தித் துண்டும், கழுத்துக்கு வைக்கச் சின்னத் தலையணையும் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

குழந்தைக்கு விக்கல் வருகிறது என்று போனில் சொன்னாய். அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு மூச்சுகூட விடாத உயிருக்கு விக்கல். மருத்துவக் கல்லூரியில் இருக்கும் தோழியிடம் கேட்டேன். மூச்சு விடுவதற்கான ஒத்திகையாக இருக்கலாம் என்றாள். காற்று என்று ஒன்று இருப்பதே தெரியாமல் அதற்கு ஒத்திகை பார்க்கிறது. நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல என்று உனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு இரண்டு தராசின் கணக்கை மாற்றி எழுதிவிட்டேன்.

விடுப்பு பற்றி இன்னும் கேட்கவில்லை.

நிறையத் தண்ணீர் குடி.

அண்ணி


மார்ச் 22

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். துண்டு வந்தது, தலையணை வந்தது, பதில்தான் வரவில்லை.

ஏப்ரல் பதினைந்துக்குள் படிவத்தைக் கொடுக்க வேண்டும். உங்கள் தம்பியிடம் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிப் போயிற்று. "அக்காவா? அவ அங்க வந்து என்ன பண்ணுவா? கடிகாரத்தைப் பார்ப்பா" என்றார். பிறகு, "சரி, நான் வாசல்ல நிக்கறேன்" என்றார். வருத்தம்தான். ஆனால் தடுக்கவில்லை.

வலி வரும்போது உடனிருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று வகுப்பில் எழுதித் தரச் சொன்னார்கள். முதுகு தேய்க்கணும், தண்ணீர் கொடுக்கணும், "நல்லாப் பண்றே"ன்னு சொல்லணும் என்று எல்லோரும் எழுதினார்கள். நான் 'நான் கேட்டதுக்கு உண்மையான பதில்' என்று எழுதினேன். நர்ஸ் அதைப் படித்துவிட்டு என்னையே பார்த்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. வலிக்கு இல்லை. மறுபடி எல்லோரும் சிரித்த முகத்தோடு என்னைச் சுற்றி நிற்பார்களே, அதற்கு.

ஆமாம், இல்லை. இரண்டில் ஒன்று எழுதுங்கள். இல்லை என்றாலும் கோபமில்லை.

வேளைக்குத் தூங்குங்கள்.

பல்லுக்காரி


மார்ச் 29

அன்புள்ள உனக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதை உட்கார்ந்து படி. தம்பி வீட்டில் இருக்கும்போது படி.

அன்று என் வண்டி காலை ஒன்பதேகாலுக்கே வந்துவிட்டது. பத்து மணிக்கு முன்னால் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். உன்னிடம் வந்தபோது மணி நாலேமுக்கால்.

இடைப்பட்ட ஏழு மணி நேரமும் உன் அறைக்கு வெளியே, வளைவைத் தாண்டி இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உனக்கு ரத்தப்போக்கு நிற்கட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று டாக்டர் சொன்னதாகத் தம்பி சொன்னான். "அக்கா, நீ உள்ள போனா உன் மூஞ்சியே சொல்லிடும். போகாதே" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் ஒத்துக்கொண்டேன். அவன் கேட்டதற்காக மட்டுமில்லை. எனக்கும் உள்ளே வரப் பயமாக இருந்தது.

அவளை நான் பார்த்தேன். கையெழுத்துப் போட்டு வாங்க யாராவது வர வேண்டும் என்றார்கள். அவனால் முடியவில்லை. நான் போனேன்.

மூன்றாவது தடவை நர்ஸ் உன் கிண்ணத்தோடு என்னைத் தாண்டிப் போனாள். குழாயடியில் அதைக் கொட்டிக் கழுவினாள். அப்போதுதான் எழுந்தேன். கையில் பை இருந்ததால் நீ நான் அப்போதுதான் வந்ததாக நினைத்தாய். நான் திருத்தவில்லை. மூன்று வருஷமாகத் திருத்தவில்லை. நீ அதைச் சொல்லி என்னைப் பாராட்டிய ஒவ்வொரு முறையும் "ம்" என்றேன்.

உனக்குப் பொய் சொல்லாத ஒருவர் வேண்டும் என்கிறாய். அந்த ஆள் நான் இல்லை. இதுதான் என் பதில். நான்கு வரியில் எழுத வேண்டியதை எழுத எனக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 20

அன்புள்ள உனக்கு,

நலமாக இருக்கிறாய் என்று தம்பி சொன்னான். அது போதும்.

படிவத்துக்கான நாள் முடிந்திருக்கும். யார் பெயரை எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. இதற்குப் பதிலும் எதிர்பார்க்கவில்லை. வெயில் அதிகம் என்று கேள்விப்பட்டேன். மத்தியானத்தில் வெளியே போகாதே.

அண்ணி


மே 2

அண்ணிக்கு,

நலம்.

உங்கள் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். "நான்தான் கேட்டேன். அக்கா மேல தப்பில்ல" என்றார். எட்டு நாள் அவரோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் வேலையிலிருந்து வந்து, "இன்னிக்கு லிஃப்டில மாட்டின ஒரு அம்மாகிட்ட ஒரு மணி நேரம் ஆகும்னு சொல்லிட்டேன். அவங்க 'சரிப்பா'ன்னு கீழ உட்கார்ந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு அழுதார்.

படிவத்தில் அந்த வரியைக் காலியாக விட்டுக் கொடுத்தேன். வகுப்பு நர்ஸ் மே பதினைந்துவரை தாமதிக்கிறேன் என்றார்.

உங்கள்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அவளைப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பார்க்கவில்லை. நான் எழுந்து நடந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எப்படி இருந்தாள் என்று கேட்டால் உங்கள் தம்பி, "அழகா இருந்தா" என்பார். அதற்குமேல் அவருக்குத் தெரியாது. அவர் பார்க்கவே இல்லையாம், இப்போதுதான் சொன்னார்.

அவள் எப்படி இருந்தாள்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


மே 5

அன்புள்ள உனக்கு,

நலமா? உன் கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன்.

எடை இரண்டு கிலோ எழுநூற்றைம்பது என்று சீட்டில் இருந்தது. என் வேலையே எடைதான். ஆனாலும் என் கையில் அவள் அதைவிட அதிகமாக இருந்தாள்.

முடி நிறைய. நெற்றியில் ஈரமாக ஒட்டியிருந்தது, லேசாகச் சுருள். புருவம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லிய கோடு. மூக்கு உங்கள் இருவருடையதும் இல்லை. மேலுதட்டின் நடுவில் துளி போல ஒரு மேடு. விரல்கள் நீளம். நகங்கள் விரல் நுனியைத் தாண்டி வளர்ந்திருந்தன, வெட்ட வேண்டியவை. வலது கை மூடியிருந்தது. திறந்து பார்த்தேன். ரேகைகளின் மடிப்பில் வெள்ளை மாவு போன்ற பூச்சு இருந்தது. துடைக்கவில்லை, மறுபடி மூடிவிட்டேன். இடது காலின் இரண்டாம் விரல் கட்டைவிரலைவிட நீளம். கண் மூடியிருந்தாள். நிறத்தைப் பற்றிச் சொல்ல மாட்டேன்; அப்போது இருந்தது அவளுடைய நிறம் இல்லை.

துன்பப்பட்ட முகம் இல்லை. உனக்கு ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. வேறு விதமாக இருந்திருந்தால் அதையும் எழுதியிருப்பேன்.

பதினொரு நிமிடம் வைத்திருந்தேன். பாடத்தில் படித்த எதுவும் எனக்கு நினைவு வரவில்லை. இவ்வளவு முழுமையாக ஒருத்தி வந்திருக்கிறாள், நகம்வரை எதுவும் குறையில்லாமல் வந்திருக்கிறாள் என்பது மட்டும்தான் தோன்றியது. அந்தப் பதினொரு நிமிடம் உன்னுடையது. நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி


மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல்.

என் கால்களைப் பார்த்தேன். வயிற்றுக்கு மேலாக எட்டிப் பார்க்க அவர் கண்ணாடி பிடிக்க வேண்டியிருந்தது. இடது காலில் இரண்டாம் விரல்தான் நீளம். எனக்கு இதுவரை தெரியாது.

அன்று முழுக்க அழுதேன். மறுநாள் நன்றாகத் தூங்கினேன்.

படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூன் பத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் ஆகலாம். மருந்துக்கடைக்காரர்கள் ஒரு மாதம் கூடக்குறைய நிறுக்கட்டும், கிளம்பி வாருங்கள்.

போலீசம்மாவுக்குப் போன வாரம் பையன் பிறந்தான். தனியாகத்தான் போனார். தரை துடைக்க வந்த அம்மாவின் கையைப் பிடித்தவர் ஐந்து மணி நேரம் விடவில்லையாம். "எனக்கு இன்னும் ரெண்டு மாடி பாக்கி இருக்கும்மா" என்று அந்த அம்மா கெஞ்சினாராம்.

வழியில் கண்டதையும் சாப்பிட வேண்டாம். பத்திரமாக வாருங்கள்.

பல்லுக்காரி


ஜூலை 1

அன்புள்ள அண்ணிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்த களைப்பு தீர்ந்ததா? நான் நலம். உங்கள் மருமகள் நலமோ நலம். இரண்டு மணிக்கொரு முறை வீட்டையே எழுப்புகிறாள்.

உங்கள் தம்பி பார்க்கிறவரிடமெல்லாம் பிரசவக் கதையைச் சொல்கிறார், ஏதோ உள்ளே இருந்த மாதிரி. "ஒம்பது மணி நேரம். ரெண்டு நிமிஷம்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல" என்று பெருமை வேறு.

ஆனால் ஒன்றை உங்களிடம் கேட்க வேண்டும். நீங்கள் இங்கே இருந்த ஆறு நாளும் கேட்க வாய் வரவில்லை.

நான் கண்ணை இறுக்கி மூடியிருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் குரல்தான். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். குழந்தை வந்த பிறகு ஓர் இடத்தில் திடீரென்று நிறுத்திவிட்டீர்கள். "அண்ணி, என்ன? சொல்லுங்க" என்று இரண்டு தடவை கேட்டேன். பதில் இல்லை. எனக்கு உயிர் போய்விட்டது. பழைய கட்டிலிலேயே திரும்பிப் படுத்திருப்பதைப் போல இருந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. இருந்தாலும் தெரிய வேண்டும். என்னிடம் மறைத்தீர்களா?

முழங்கைக்குத் தைலம் தேயுங்கள்.

பல்லுக்காரி


ஜூலை 6

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

நலம். நீயும் அவளும் நலமாக இருப்பது கண்டு மகிழ்ச்சி. அவள் தூங்கும்போதே நீயும் தூங்கிக்கொள், வேலை கிடக்கட்டும். நீ கேட்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்கு வலி எடுத்தது. பத்து மணிக்கு உன் வயிற்றில் பட்டை கட்டி, துடிப்பைக் காட்டும் பெட்டியை வைத்தார்கள். "என்ன நம்பர் அண்ணி?" என்று கேட்டாய். எங்கள் சோதனைக்கூடத்தில் ஒருவர் தராசைப் பார்த்து எண்ணைச் சொல்வார், எழுதுகிறவர் அதைத் திரும்பச் சொல்லிவிட்டு எழுதுவார். எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். நான் சொன்னேன், நீ திரும்பச் சொன்னாய். நூற்று நாற்பது. நூற்று முப்பத்தெட்டு. மூன்று மணிக்குமேல் ஒவ்வொரு வலிக்கும் எண் இறங்கியது. தொண்ணூற்றாறு என்றேன். எண்பத்துநாலு என்றேன். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் சும்மா இருங்க, அவங்க பயப்படப் போறாங்க" என்றார். நீ, "அவங்க நிறுத்தினாத்தான் எனக்குப் பயம்!" என்று போட்ட சத்தம் வாசலில் நின்ற தம்பிக்குக் கேட்டதாம்.

எழுபத்தொன்பது என்றபோது நீ "எழுபத்தொன்பது" என்று சொல்லிக்கொண்டே முக்கினாய். மனித உடம்பில் அவ்வளவு பலம் இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

மூன்று இருபதுக்குத் தலை வந்தது. "கொடி கழுத்தில ஒரு சுற்று" என்றேன். "எடுத்துட்டாங்க" என்றேன். பிறகு முழுவதும் வந்துவிட்டாள். அறையில் நாம் ஐந்து பேர் இருந்தோம். கதவு திறக்கவில்லை. ஆறு பேராகிவிட்டோம்.

"அழலை" என்றேன். "நீலமா இருக்கா. முதுகைத் தேய்க்கறாங்க. வாயில குழாய் வெச்சு உறிஞ்சறாங்க. இன்னும் அழலை." இதுவரை நீ கேட்டாய். இதற்குப் பிறகுதான் நான் நிறுத்தினேன்.

சுவர்க் கடிகாரத்தின்படி நாற்பது வினாடி. நான் ஒரு கடிகாரத்தை நம்ப மறுத்தது வாழ்நாளில் அப்போதுதான்.

நடந்தது இது. அவளுடைய விலா எலும்புகளுக்குக் கீழே ஒரு குழி விழுந்தது. அது நிரம்பியது. மறுபடி விழுந்து நிரம்பியது. சத்தமே இல்லை. காற்று உள்ளே போகிறது என்று எனக்குப் புரிவதற்குள் நெஞ்சின் நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சிவப்பு தோன்றியது. அது அகன்றது. தோள்வரை போயிற்று, கழுத்தில் ஏறியது, கன்னத்துக்கு வந்தது. விளக்கு ஏற்றிய அறையில் வெளிச்சம் மூலைவரை போகுமே, அப்படி. நீலம் விரல் நுனிகளுக்கு ஒதுங்கியது. அவள் கண்ணைத் திறந்தாள். யாரையும் பார்க்கவில்லை. வெளிச்சம் என்ற ஒன்றை முதல் தடவையாகப் பார்த்தாள்.

நீ கேட்டது என் காதில் விழுந்தது. இரண்டு தடவையும் விழுந்தது. மறைக்கவில்லை. சொல்லத்தான் முயன்றேன். எண் தேடினேன், வார்த்தை தேடினேன். என்னிடம் அதற்கு ஒன்றுமே இல்லை. நாற்பத்தெட்டு வயதில், பார்த்ததைச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஒருத்தி வாயைத் திறந்தபடி நின்றேன்.

அதற்குள் அவளே உனக்குப் பதில் சொல்லிவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அவளையும்.

அண்ணி